கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர்

இந்த நாட்டில் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு வீட்டுக்காரர் தேவையில்லை. சுவரில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி இருக்கும். கைத்தொலைபேசிக்கு வந்த நாலு இலக்கங்களைத் திருகினால் பெட்டி வாயைத் திறக்கும், உள்ளே சாவி, எங்கள் பேச்சில் திறப்பு, கிடக்கும். கதவைத் திறந்து, முன்பின் தெரியாத ஒருவருடைய கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். நான் பேர்மிங்ஹாமுக்கு வந்து பதினேழு வருடமாகிறது, இன்னும் இதற்குப் பழகவில்லை. இலங்கையில், எங்கள் கல்முனைப் பக்கத்தில் கேற்றடியில் நின்று ஒருதரம் செருமவேண்டும். "வீட்டில ஆரும் இரிக்கீங்களா" என்று கேட்கவேண்டும். உள்ளேயிருந்து ஒரு குரல் "ஆரது" என்று விசாரிக்க, நான் என் பெயரையும் வாப்பாவின் பெயரையும், தேவைப்பட்டால் வாப்பா பார்த்த உத்தியோகத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் "வாங்க" என்று வரும். அந்த "வாங்க" வராமல் நான் எந்த வீட்டுக்குள்ளும் கால் வைத்ததில்லை. ஆகவே இங்கேயும் இலக்கப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒருதரம் செருமிவிட்டுத்தான் திருகுகிறேன். பெட்டி இதுவரை ஆட்சேபித்ததில்லை.

ஒவ்வொரு வருடமும் செப்டெம்பரில், பள்ளிக்கூடங்கள் திறந்து இந்த நாட்டுச் சனம் சுற்றுலாவை முடித்துக்கொண்ட மறுவாரம், நானும் மனைவி ரிஸ்வானாவும் காரை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறம் சுற்றப் போவோம். அந்த வாரத்தில் அறை விலை பாதிக்கு விழுந்துவிடும். மழை மட்டும் குறையாது. இங்குள்ள நம்மவர்களிடையே மலிவாகத் தங்குமிடம் பிடிப்பதில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. பயணம் போகிறவர்கள் எனக்குத் தொலைபேசியில் ஒரு கோல் எடுக்காமல் புறப்படமாட்டார்கள். எல்லோருக்கும் ஒரே உபதேசம்தான். பட்டணத்துக்குள் எடுக்காதீர்கள், அரை மணி தள்ளி எடுங்கள். காலைச் சாப்பாட்டோடு சேர்ந்த அறையை விடுங்கள், அந்தத் தட்டில் முக்கால்வாசி நமக்கு ஆகாது, மிஞ்சுவது ஒரு தக்காளியும் கொஞ்சம் அவரையும்தான். நல்ல விமர்சனங்களை வாசிக்காதீர்கள், கெட்டதை மட்டும் வாசியுங்கள். 'விடியமுன் சேவல் கூவுகிறது' என்று ஒருவர் திட்டியிருந்தால், சுபஹுத் தொழுகைக்கு அலாரம் வைக்கத் தேவையில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போகிற நாள் பின்னேரம் வரைக்கும் இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய அறையை மட்டும் எடுங்கள். மனிதனின் மனம் எப்போது மாறும் என்று சொல்லமுடியாது. இந்தக் கடைசி உபதேசம்தான் பிறகு என் கழுத்துக்கு வந்தது.

யாருக்கும் சொல்லாத இன்னொரு விதியும் உண்டு. ஓர் இடத்தின் பெயரைக் கொடுத்தால் அது கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்று காட்டுகிற ஒரு சாமான் என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. நூறு மீற்றருக்குக் கீழே நான் தங்குவதில்லை. செப்டெம்பரில் ஆக மலிவான அறைகள் கடற்கரையில்தான் கிடைக்கும் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் துறையின் நிபுணராகிய நான் மட்டும் பதினொரு வருடமாக மலையேறிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது சம்மாந்துறையில். கடலிலிருந்து உள்ளே, வயல் பக்கம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அது குளத்தில் இருக்கவேண்டும். குளத்துக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு கதவு, கதவைத் திறக்க ஓர் உத்தியோகத்தர், அவர் திறக்காவிட்டால் போய்ச் சண்டை பிடிக்க ஒரு கந்தோர். கட்டும் கந்தோரும் இல்லாத தண்ணீரில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நம்பிக்கையில்லை. என் கெட்டகாலம், கலியாணம் கடற்கரையோரச் சாய்ந்தமருதில் அமைந்தது. எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. ஆண் உம்மாவின் வீட்டில் பிறந்து, அந்த வீடு தங்கச்சிக்குப் போக, ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு மனைவியின் வீட்டுக்குப் போகிறான். பிறந்ததிலிருந்து விருந்தாளி. அடுத்தவர் வீட்டில் தங்குவதில் எனக்குள்ள திறமை பரம்பரையாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். கலியாணத்தன்று ரிஸ்வானாவின் உம்மா வாசலில் நின்று, "வாங்க மகன், இது உங்கட வீடு" என்றார். அது யாருடைய வீடு என்பது சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் நாலு தோணிகள் மட்டும் கிடந்தன. முதல் மாதம் எனக்கு நித்திரை வரவில்லை. அலைச் சத்தம், யாரோ கேற்றடியில் நின்று விடியும்வரை செருமிக்கொண்டே இருப்பதுபோல் கேட்கும். ஒருவரும் "வாங்க" சொல்லவில்லை.

அது கூப்பிடாமலே உள்ளே வந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இல்லை. முதல்நாள் வயலுக்கு உரம் போடுவதற்காகச் சம்மாந்துறைக்குப் போய், உம்மா வீட்டில் தங்கிவிட்டேன். காலையில் நானும் என் மூத்த சகோதரன் காக்காவும் இன்னும் நாலைந்து பேரும் வரப்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். றோட்டால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கத்திக்கொண்டு போனார், கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம். கடலுக்கு அப்படி ஒரு பழக்கம் இருப்பது அதுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் ஊரறிந்த பகிடிக்காரன். கையில் கோப்பை இருந்தது, கேட்பதற்கு ஆட்களும் இருந்தார்கள். "வந்தா என்ன, இரிக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிவதற்குள் இரண்டாவது மோட்டார் சைக்கிள் வந்தது. அதில் இருந்தவர் கத்தவில்லை. அவர் நனைந்திருந்தார்.

பின்னேரம் ரிஸ்வானாவை ஒரு பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்தேன். எட்டு மாதக் குழந்தையாயிருந்த எங்கள் மகள் அவளுடைய தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து மாடி வீட்டில் ஏறித் தப்பியிருந்தார்கள். அவளுடைய உம்மா, என் மாமி, பின்னால் வருவதாகச் சொன்னாராம். அவரைக் கடல் திருப்பித் தரவேயில்லை. வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. கடலுக்கு இவ்வளவு கிட்ட இனி வீடு கட்டக்கூடாது என்று பிறகு சட்டமும் வந்தது. வரப்பில் நான் சொன்னதை ரிஸ்வானாவுக்கு நான் சொல்லவில்லை. வாயில் வருகிற பகிடியையெல்லாம் முதலில் அவளுக்குத்தான் சொல்வேன். சொல்லாமல் வைத்திருந்தது அது ஒன்றுதான்.

வீடில்லாத பெண்ணும், விருந்தாளியாக இருப்பதற்கு ஒரு வீடில்லாத மாப்பிள்ளையும் என்ன செய்வது? வெளிநாடு வந்தோம். பேர்மிங்ஹாமில் வாடகைப் பத்திரத்தில் என் பெயரை எழுதினார்கள். எங்கள் பரம்பரையில் ஒரு கதவுக்குத் தன் பெயரைக் கொடுத்த முதல் ஆண் நான்தான். களவுச் சாமான் வைத்திருப்பவனைப்போல ஒரு மாதம் அந்த வீட்டுக்குள் நடமாடினேன். இந்த நாட்டில் எந்தப் பக்கத்தால் போனாலும் கடலுக்கு எட்டத்தில் இருக்கிற பெரிய நகரம் பேர்மிங்ஹாம். வேலை கிடைத்ததால் அங்கே போனோம் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். வேலை பிறகுதான் கிடைத்தது.

பயணம் போகத் தொடங்கிய முதல் வருடமே ரிஸ்வானா ஒரேயொரு விஷயம் கேட்டாள். ஒரு நாளைக்கு, கதவைத் திறந்தால் கடல் தெரிகிற இடத்தில் தங்கவேண்டும். ஊரில் மாதிரி, சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புவதைப் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். நான் அவளை ஏரிகள் நிறைந்த மலைநாட்டுக்குக் கொண்டுபோனேன். பெரிய தண்ணீர், படகு, வாத்து எல்லாம் இருந்தன. அவள் கரையில் நின்று பார்த்துவிட்டு, "இது குளம்" என்றாள். அடுத்த வருடம் இன்னும் பெரிய தண்ணீராகக் காட்டினேன். "இது கட்டு உள்ள குளம்" என்றாள். அதற்கடுத்த வருடம் கடற்கரை முழுவதையும் ஆட்கள் முற்கூட்டியே எடுத்துவிட்டதாகச் சொன்னேன். அதற்கும் பிறகு, கடற்கரை அறைகளில் சுவரெல்லாம் ஈரம், மெத்தையில் பூஞ்சணம் என்று இணையத்தில் வந்த விமர்சனங்களை உரத்து வாசித்துக் காட்டினேன். அவற்றில் இரண்டை நானே எழுதியிருந்தேன்.

மகள் இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். ஆகவே இந்த முறை நாங்கள் இருவர் மட்டும். பெட்டி அடுக்கும்போது ரிஸ்வானா இந்த வருடமும் மலைதானா என்று கேட்டாள். மலையில் காற்று நல்லது என்றேன். "ஓம்," என்றாள், "பதினொரு வருசமா நல்ல காத்து."

முதல் நாளுக்கு நான் பிடித்து வைத்திருந்தது வடக்கே மலைமேல் ஓர் ஆட்டுப் பண்ணை வீடு. முந்நூற்றுப் பன்னிரண்டு மீற்றர். வீட்டுக்காரி டொரீன், எழுபது வயதைத் தாண்டிய தனி ஆள். அறை எடுப்பதற்கு முன்னால் அவருக்கு மூன்று தரம் எழுதினேன். உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? உயரம் எவ்வளவு? இடையில் கடலோடு தொடுப்புள்ள ஆறு ஏதும் உண்டா? மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். மூன்றாவது பதிலின் கடைசியில் ஒரு சின்ன இதயமும் போட்டிருந்தார். அதை நான் கவனித்திருக்கவேண்டும்.

அங்கே இலக்கப் பெட்டி இல்லை, ஆள் இருந்தார். நான் வழக்கம்போல வாசலில் நின்று செருமினேன். டொரீன் கதவைத் திறந்ததும் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை, இது எங்கள் ஊர் மரியாதை என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, தேனும் எலுமிச்சையும் கலந்து ஒரு கோப்பை சுடுநீர் கொண்டுவந்து தந்தார். குடித்தேன்.

ரிஸ்வானா ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகமாட்டாள், அது நாங்கள் முற்பணம் கட்டி எடுத்த வீடாக இருந்தாலும். பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் தான் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டிய தொதலை வெட்டி அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். டொரீனிடம் கொடுத்தாள். எங்கள் ஊரில் இப்படிப் போன பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சீனியாவது, இரண்டு மாங்காயாவது உள்ளே இருக்கும். வெறும் பாத்திரத்தைக் கொடுத்தனுப்புகிற வீட்டைப் பற்றி மூன்று நாளைக்குக் கதைப்பார்கள். இந்த நாட்டில் அந்த வழக்கமில்லை என்பது என் அனுபவம். இத்தனை வருடத்தில் எங்களுக்கு டப்பாவே திரும்பி வந்ததில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் புறப்படும்போது டொரீன் டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து ரிஸ்வானாவின் கையில் கொடுத்தார். உள்ளே ஏதோ கிலுங்கியது. ரிஸ்வானா திறந்தாள். ஒரு திறப்பு. திறப்பில் ஒரு சிப்பி கோர்த்திருந்தது.

டொரீன் விளக்கினார். அவருடைய தங்கைக்குக் கிழக்குக் கடற்கரையில், மணலோரமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. தங்கை இந்த மாதம் ஸ்பெயினில் மகனோடு நிற்கிறார், வீடு சும்மா கிடக்கிறது. நேற்று அவரோடு தொலைபேசியில் பேசும்போது, ஒரு தீவிலிருந்து வந்த மனிதர் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார், பாவம், கடலைத் தவிர வேறு நினைவே இல்லை, மூன்று தரம் எழுதிக் கேட்டுவிட்டார் என்று சொன்னாராம். தங்கைக்கு மனம் உருகிவிட்டதாம். போய்த் தங்கட்டும், காசு வேண்டாம், போகும்போது கட்டில் விரிப்பை மட்டும் கழற்றி வைக்கட்டும் என்றாராம். சொல்லிவிட்டு டொரீன் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. எனக்கு வேறு காரணத்துக்காகக் கலங்கியது.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். மலிவாகத் தங்குவதில் பெயரெடுத்த மனிதனுக்கு ஒரு முழு வீடு சும்மா கிடைக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அந்தச் செய்தி பேர்மிங்ஹாமுக்கு எனக்கு முன்னால் போய்ச் சேரும். தொதல் போன டப்பாவில் வந்ததைத் திருப்பிக் கொடுப்பது என்றால் அது ஊர் வழக்கத்தையே முகத்தில் எறிவது. ஆனாலும் எனக்கு ஒரு வழி இருந்தது. மிகவும் வருந்துகிறேன், இன்றைக்கு ஏற்கெனவே ஓர் இடம் எடுத்துவிட்டோம் என்று டொரீனிடம் சொன்னேன். அது பொய்யுமல்ல. நூற்றுத் தொண்ணூறு மீற்றர், அதிலும் மேல்மாடி.

பதினொரு வருடப் பயணத்தில் ரிஸ்வானா ஆங்கிலத்தை என்னிடம் விட்டுவிட்டுப் பின்னால் நிற்பவள். அன்றைக்கு முன்னால் வந்தாள்.

"ஃப்ரீ கான்சலேஷன்," என்றாள். "ஆறு மணி வரைக்கும்."

மலையிலிருந்து இறங்கும் வழி அழகானது என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் ஓட்டியது அவள். இருநூற்று நாற்பது. தொண்ணூற்றைந்து. முப்பத்தொன்று. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வருகிறபோதுகூட இவ்வளவு வேகமாக இறங்கியதில்லை.

"என்ன, எத்தின எண்டு காட்டுது?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

நேரம் பார்ப்பதாகச் சொன்னேன்.

"நீங்க மீற்றர் பாக்கிறது எனக்குத் தெரியும். மகளும் நானும் அத வெச்சித்தான் ஒவ்வொரு வருசமும் பந்தயம் பிடிக்கிற. போன வருசம் அவ வெண்டுட்டா." கியரை மாற்றினாள். பிறகு றோட்டைப் பார்த்தபடியே, "வந்தது என்ட வீட்டுக்கு," என்றாள். "பயம் மட்டும் உங்களுக்கு."

கைத்தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

வீடு சின்னது, மாடியில்லை. நாலு மீற்றர். வாசலுக்கு முன்னால் கொஞ்சம் புல், பிறகு மணல், பிறகு அது. கார் ஓட்டும் இருக்கைக்கு நான் மாறி உட்கார்ந்து, காரை மூன்று தரம் முன்னும் பின்னுமாகத் திருப்பி, முகம் மலைப்பக்கம் பார்க்கும்படி நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால், என்ஜினை நிறுத்தவில்லை. ரிஸ்வானா திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து உள்ளே போனாள். நான் வரைபடம் பார்க்கவேண்டியிருந்ததால் காரிலேயே இருந்தேன். வரைபடத்தில் ஒரேயொரு றோட்டு. அதைக் கால் மணித்தியாலம் பார்த்தேன். பின்னால், இருபது வருடமாகக் கேட்காத அந்தச் செருமல் அதே அமைதியோடு கேட்டுக்கொண்டிருந்தது.

ரிஸ்வானா வாசலுக்கு வந்தாள். முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு, கதவில் ஒரு கையை வைத்து நின்றாள்.

"வாங்க," என்றாள்.

நான் வண்டியைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன்.

"வாங்க. கடல் வந்தா அதையும் இரிக்கச் சொல்லித் தேத்தண்ணி குடுப்பம்."

என்ஜினை எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது. இறங்கிப் போய் வாசலுக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றேன்.

"ஆர் சொன்ன?"

"உங்கட காக்காதான். என்ட உம்மாட நாப்பதாம் நாள் கத்தத்தண்டைக்கு. சொல்லிட்டு அழுதார், தானும் சிரிச்சிட்டனெண்டு."

"அண்டையிலிருந்து தெரியுமா?"

"ஓம்."

"ஒண்டும் கேக்கல்லியே."

"நீங்க சொல்லுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இரிந்த," என்றாள். பிறகு கடல் பக்கமாக ஒருதரம் பார்த்தாள். "நல்ல பகிடிதான். உம்மா கேட்டிருந்தா சிரிச்சிருப்பா. ஆரு வந்தாலும் அவ தேத்தண்ணி ஊத்துறவதானே."

நான் நின்றேன். எனக்கு முன்னால் கதவு திறந்துதான் கிடந்தது. ஆனாலும் நின்றேன். அவளுக்கு விளங்கியிருக்கவேண்டும். ஒரு பக்கமாக விலகி நின்று, மாமி அன்றைக்குச் சொன்ன அதே இழுவையில், "வாங்க, இது உங்கட வீடு" என்றாள். அது ஸ்பெயினில் இருக்கிற, நாங்கள் கண்ணால் காணாத ஒரு பெண்ணின் வீடு. சம்மாந்துறையிலும் சரி, பேர்மிங்ஹாமிலும் சரி, ஒரு வீட்டுக்குள் நான் அவ்வளவு உரிமையோடு கால் வைத்ததாக நினைவில்லை.

இதனால் என் புத்தி தெளிந்துவிட்டது என்று யாரும் எண்ணவேண்டாம். சன்னலோரம் ஒரு கதிரையைப் போட்டு, சப்பாத்தைக் கழற்றாமல், காற்சட்டைப் பையில் கார்த் திறப்போடு விடியும்வரை காவல் இருப்பதென்று முடிவெடுத்தேன். ரிஸ்வானா அதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு போர்வையைத் தந்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அதன்பிறகு எனக்குத் தெரிந்தது, அவள் என் தோளைத் தட்டியதுதான்.

"ஒழும்புங்க. கடல் வரல்ல. சுபஹு வந்திட்டு."

முகம் கைகால் கழுவி வுழூச் செய்துவிட்டு வந்து, தொழ நிற்கவேண்டிய திசையான கிப்லாவைக் கைத்தொலைபேசியில் பார்த்தேன். எங்கள் ஊரில் தொழுகைக்கு நின்றால் கிப்லா மேற்கே, கடல் முதுகுக்குப் பின்னால். பிறந்ததிலிருந்து ஊர் முழுவதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தொழுதிருக்கிறோம் என்பதை நான் அதுவரை யோசித்ததேயில்லை. இங்கே அம்புக்குறி தென்கிழக்கைக் காட்டியது. அந்தத் திசையில் சன்னல் இருந்தது. சன்னலுக்கு வெளியே, சாம்பல் நிறத்தில், அது இருந்தது. வேறு அறையில் தொழலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். வேறு அறையிலும் கிப்லா அதே பக்கம்தான்.

நான் முன்னால் நின்றேன். ரிஸ்வானா எனக்குப் பின்னால், ஓரெட்டுத் தள்ளி நின்றாள். தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. முதலில் கடல், பிறகு நான், பிறகு அவள். இந்த வரிசையில் நாங்கள் ஒருநாளும் நின்றதில்லை. கண்ணாடிக்கு அப்பால், தண்ணீரின் விளிம்பில், ஊரில் காணுகிற அதே சிவப்பு மெதுவாக ஏறத் தொடங்கியது. அவள் பதினொரு வருடமாகக் கேட்டது என் தோளுக்கு மேலாலும் தெரிந்திருக்கும்.

சுஜூதுக்குப் போனபோது கார்த் திறப்பு தொடையில் குத்தியது. வெளியே கார் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. என் நெற்றி மறுபக்கம் பார்த்து நிலத்தில் இருந்தது. வாசலடியில் கடல் ஒருதரம் செருமியது. நான் தலையைத் தூக்க அவசரப்படவில்லை.